தரங்கம்பாடியில் வீடு தேடிய சீகன்பால்கு

பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். வேலை கிடைப்பதைவிட வீடு கிடைப்பதுதான் கஷ்டம் என்பார்கள். கையில் இருக்கும் பணத்துக்குள் வாடகை அடங்க வேண்டும். மனைவி மக்களோடு இருக்க வசதி வேண்டும். அக்கம்பக்கத்தார் முகம் கொடுத்துப் பேச வேண்டும். லண்டனானாலும் டொரண்டோவானாலும் இதே பாடுதான்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு, வெளிநாட்டில் இருந்து நம் ஊருக்கு வந்த ஒருவர் இதே பாட்டைப் பட்டார். அவர் வந்து இறங்கிய இடம், காவிரி கடலில் கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே உள்ள தரங்கம்பாடி. அவர் பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்கு.

தமிழில் அச்சுப் புத்தகம் வெளியிட்டவர், தமிழ் இலக்கணத்தை ஐரோப்பியருக்கு எழுதிக் கொடுத்தவர் என்று அவரை எல்லாரும் அறிவார்கள். ஆனால், தலை சாய்க்க ஓர் இடம் தேடி அவர் பட்ட பாடு பலருக்குத் தெரியாது.

அநாதைச் சிறுவன்

ஜெர்மனியில், சாக்சனி நாட்டில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1682-ம் ஆண்டு சீகன்பால்கு பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். அக்காவின் ஆதரவில் வளர்ந்தார். நோஞ்சான் உடம்பு. வயிற்று வலி அடிக்கடி படுத்தி எடுக்கும்.

படிப்பில் கெட்டிக்காரர். ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பிராங்கே என்ற பேராசிரியர் பெரிய அநாதை இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே உணவு, உறைவிடம், படிப்பு எல்லாம் உண்டு. தாய் தந்தை இல்லாத சீகன்பால்குவின் மனதில் அந்த இல்லம் ஆழமாகப் பதிந்தது.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக், தம் ஆட்சிக்கு உட்பட்ட தரங்கம்பாடிக்குப் பாதிரிமார்களை அனுப்ப விரும்பினார். சீகன்பால்குவும் ஹென்றி புளூட்சோ என்ற நண்பரும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1705-ம் ஆண்டு நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறினார்கள். கப்பலின் பெயர் சோபியா ஹெட்விக். ஏழு மாதத்துக்கும் மேலாகக் கடலிலேயே கழிந்தது.

கரையில் காத்திருப்பு

1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி இருவரும் தரங்கம்பாடிக் கரையில் கால் வைத்தார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது 24 வயதுகூட நிறையவில்லை.

தரங்கம்பாடி அந்த நாளில் டேனிஷ்காரர் வசம் இருந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, அங்கே டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியிருந்தார்கள். வியாபாரக் கம்பெனியின் கவர்னராக இருந்தவர் ஹாசியஸ். அவர் வைத்ததுதான் சட்டம்.

மன்னர் அனுப்பிய விருந்தாளிகள் ஆயிற்றே, மேளதாளத்தோடு வரவேற்பு இருக்கும் என்று நினைக்கிறீர்களா? அதுதான் இல்லை! கப்பலில் இருந்து அவர்களை இறக்கிவிடுவதற்கே பல நாள் தாமதம் செய்தார்கள். இறங்கிய பிறகு, ஊருக்கு வெளியே வெயிலில் காக்க வைத்தார்கள். மாலையில்தான் கவர்னர் வந்தார். அவர் காட்டிய முகமும் கடுமையான முகம்.

வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்குப் பாதிரிமார்கள் வந்தது பிடிக்கவில்லை. உள்ளூர் மக்களோடு இவர்கள் பழகினால், கம்பெனி செய்யும் அநியாயங்கள் மன்னர் காதுக்கு எட்டிவிடும் என்ற பயமும் இருந்தது.

கவர்னரும் அதிகாரிகளும் ஊருக்குள் நடந்தார்கள். இருவரும் பின்னால் போனார்கள். சந்தைத் திடல் வந்ததும் அதிகாரிகள் தங்கள் தங்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நடுத்திடலில் இரு வாலிபர்களும் தனியாக நின்றார்கள். இருட்டிக்கொண்டு வந்தது. பாஷை தெரியாது. பழகியவர் யாரும் இல்லை. தங்க இடமும் இல்லை.

கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவருக்கு மனம் கேட்கவில்லை. அவர்களை அழைத்துப் போய்த் தம் மாமனார் வீட்டில் தங்க வைத்தார். தரங்கம்பாடியில் அவர்களுக்கு முதலில் திறந்த கதவு அதுதான்.

மதில் ஓரத்து வீடு

எத்தனை நாள் பிறர் வீட்டில் இருப்பது? சில நாளில், ஊர் மதிலை ஒட்டிய ஒரு வீட்டுக்குக் குடிபோனார்கள். தமிழர் குடியிருப்புக்கு அருகில் இருந்த வீடு அது. வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களின் மாளிகைகளுக்கு முன்னால் அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால், அதுவே அவர்களுக்கு நன்மையாக முடிந்தது.

காலையில் கதவைத் திறந்தால் தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தது. கடலுக்குப் போகிறவர்கள், கூடை சுமக்கிறவர்கள், பிள்ளைகளை அதட்டும் தாய்மார்கள் எல்லாரும் தமிழில்தான் பேசினார்கள்.

அந்தக் கரையில் போர்த்துக்கீசிய மொழியும் அப்போது வழக்கில் இருந்தது. புளூட்சோ அதில் கவனம் செலுத்தினார். சீகன்பால்கு தமிழைப் பிடித்துக்கொண்டார்.

தமிழ் படிக்க அவர் செய்த யோசனை வேடிக்கையானது. வயதான வாத்தியார் ஒருவரைக் கண்டுபிடித்தார். வாத்தியாரின் பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் செய்தார்! சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார்கள். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தவர் அவர்களோடு தரையில் அமர்ந்து, தாமும் மணலில் எழுதிப் பழகினார்.

எழுத்து வந்தது. பொருள் சொல்ல ஆள் வேண்டுமே? கம்பெனியில் துபாஷாக இருந்த அழகப்பன் என்பவர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஐரோப்பிய மொழிகள் சில தெரியும். ஓராண்டுக்குள் சீகன்பால்கு தமிழில் பேசவும் பிரசங்கம் செய்யவும் தொடங்கிவிட்டார்.

நிரம்பிய வீடு, காலியான பெட்டி

இருவர் இருந்த வீடு விரைவில் நிரம்பியது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி ஏற்பட்டது. சோறும் துணியும் கொடுத்துப் படிக்க வைத்தார்கள்.

இன்னொரு பொறுப்பும் வந்தது. பாதிரியாரோடு சேர்ந்தவர்களைச் சொந்தபந்தங்கள் ஒதுக்கி வைத்தன. வீட்டை விட்டு விரட்டப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் எங்கே போவார்கள்? சீகன்பால்குவின் வாசலுக்குத்தான் வந்தார்கள்.

1707-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி சிறிய ஆலயம் ஒன்றைத் திறந்தார்கள். அதைக் கட்டுவதற்குத் தங்கள் சம்பளப் பணத்தையும் போட்டார்கள். பெட்டி காலியாயிற்று. ஐரோப்பாவில் இருந்து உதவி வரும் என்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1708-ல் பணம் வந்தது. ஆனால், கை சேரவில்லை! கப்பல் கரையை ஒட்டி வர முடியாத கடற்கரை அது. அலைகளைத் தாண்டிப் படகில்தான் சாமான்களைக் கொண்டுவர வேண்டும். அப்படி வரும்போது பணம் கடலோடு போய்விட்டது. மறு ஆண்டில் கிரண்ட்லர் முதலிய மூன்று பாதிரிமார்கள் புதிதாகப் பணம் கொண்டுவந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது.

அந்த வறுமையிலும் சீகன்பால்கு ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைப் பற்றி 1708-ல் ஓர் அட்டவணை எழுதினார். நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வீட்டில் அரிசி குறைந்தது. சுவடி குறையவில்லை.

கோட்டைச் சிறை

கவர்னரின் கோபமும் குறையவில்லை. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் சீகன்பால்கு பரிந்து பேசினார். அது பெரிய தகராறாக வளர்ந்தது. 1708-ம் ஆண்டு நவம்பர் மாதம் அவரைப் பிடித்து டான்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள். நான்கு மாதம் சிறைவாசம். 1709 மார்ச் மாதம்தான் வெளியே வந்தார்.

அவருக்காவது நான்கு மாதம். துணை நின்ற அழகப்பன் கதி இன்னும் மோசம். அவரைக் குடும்பத்தோடு தரங்கம்பாடியை விட்டே துரத்தினார்கள். தஞ்சாவூரில் சிறையிலும் கிடந்தார். வந்தவருக்கு மொழி கொடுத்தவர், தம் சொந்த ஊரில் இருந்த வீட்டை இழந்தார்!

சீகன்பால்குவின் பெருமையைப் பேசுகிறவர்கள் அழகப்பனை மறந்துவிடக் கூடாது.

புதுமணத் தம்பதி

1711-ல் புளூட்சோ ஐரோப்பா திரும்பினார். சீகன்பால்கு தொடர்ந்து உழைத்தார். 1712-ல் இங்கிலாந்தில் இருந்து அச்சு இயந்திரம் வந்தது. அடுத்த ஆண்டு ஹாலேயில் இருந்து தமிழ் எழுத்துக்கள் வந்தன. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சாயிற்று.

தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கே அதை அச்சிடவில்லை. 1867-ல்தான் சென்னையில் அச்சேறியது.

1714-ல் தாயகம் புறப்பட்டார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் போனார். டென்மார்க் மன்னரைப் போர்க்களப் பாசறையில் சந்தித்தார். லண்டனில் முதலாம் ஜார்ஜ் மன்னரையும் கண்டார். ஐரோப்பியருக்காக அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் ஹாலேயில் வெளிவந்தது.

அந்தப் பயணத்தின்போது மரியா டொரோத்தியா சால்ஸ்மன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். 1716-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் புதுமணத் தம்பதி தமிழ்நாடு வந்து சேர்ந்தார்கள்.

பத்து ஆண்டுகளுக்கு முன் சந்தைத் திடலில் திகைத்து நின்றவர், இப்போது மனைவியோடு வந்தார். ஹாசியஸ் காலம் முடிந்துவிட்டது. புதிய கவர்னர் நேசத்தோடு நடந்துகொண்டார். பிள்ளைச் செல்வமும் வாய்த்தது. அநாதையாக வளர்ந்தவருக்குச் சொந்தக் குடும்பம் அமைந்தது, தாய்நாட்டில் அல்ல, தரங்கம்பாடியில்!

வீடு எதற்கு என்று கேட்டவர்

இந்தச் சுகம் நீடித்ததா? இல்லை. இந்த முறை இடி கோபன்ஹேகனில் இருந்து வந்தது.

பாதிரிமார்களின் பணியை மேற்பார்வையிட அங்கே ஒரு சங்கம் இருந்தது. அதன் காரியதரிசி வெண்ட் என்பவர். பாதிரிமார்கள் ஊர் ஊராகச் சுற்ற வேண்டும், வீடும் பள்ளியும் கட்டடமும் அவர்களுக்கு எதற்கு என்பது அவர் கட்சி. கட்டடங்களுக்குப் பணம் செலவழிப்பதைக் கண்டித்து எழுதினார். பண உதவியும் சுருங்கியது.

வெண்ட் கோபன்ஹேகனில் உட்கார்ந்து எழுதினார். இங்கே நிலைமை வேறு. டேனிஷ் எல்லையைத் தாண்டினால் தஞ்சை ராஜ்யம். அங்கே அனுமதி இல்லாமல் நினைத்தபடி சுற்ற முடியாது. மேலும், வீட்டை விட்டு விரட்டப்பட்டு வந்தவர்களை எங்கே தங்க வைப்பது? தாய் தந்தை இல்லாத பிள்ளைகளை எந்த மரத்தடியில் படுக்க வைப்பது?

முதல் நாள் இரவே வீட்டின் அருமையைக் கற்றுக்கொண்டவர் சீகன்பால்கு. அந்தப் பாடம் வெண்டுக்குத் தெரிய நியாயம் இல்லை.

ராஜ வீதியில் பெரிய ஆலயம் ஒன்றைச் சீகன்பால்கு கட்டி முடித்தார். புதிய எருசலேம் ஆலயம் என்று அதற்குப் பெயர். 1718-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி திறப்பு விழா நடந்தது. ஆனால், கண்டனக் கடிதங்கள் அவர் மனதை வாட்டின. பழைய வயிற்று நோயும் முற்றியது.

1719-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந் தேதி சீகன்பால்கு காலமானார். வயது 36தான். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயம் திறந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

மனைவியோடு தரங்கம்பாடியில் அவர் நடத்திய குடும்ப வாழ்க்கை இரண்டரை ஆண்டுதான். மனைவி ஐரோப்பா திரும்பினார். மகன் எர்ன்ஸ்ட் காட்லிப் பின்னாளில் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

இன்றும் இருக்கிறது

டேனிஷ்காரர்கள் 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி வந்த சுனாமி, அந்தக் கரையில் எத்தனையோ குடும்பங்களின் வீடுகளைப் பறித்துக்கொண்டது. ராஜ வீதி ஆலயம் இன்றும் நிற்கிறது. சீகன்பால்கு பெயரில் உள்ள பழைய வீடு ஒன்று புதுப்பிக்கப்பட்டு, 2017-ல் அருங்காட்சியகம் ஆயிற்று.

அங்கே போகிறவர்கள் கோட்டையைப் பார்க்கிறார்கள். சிலையைப் பார்க்கிறார்கள். கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த முறை போனால், சாயங்கால வேளையில் ஊருக்குள் சற்று நின்று பாருங்கள். மூட்டையும் கையுமாக, போக இடம் தெரியாமல் நின்ற இரு வாலிபர்களை நினைத்துப் பாருங்கள்.

அன்று ஓர் உத்தியோகஸ்தர் தம் மாமனார் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். ஒரு கிழ வாத்தியார் தம் பள்ளியோடு வந்து சேர்ந்தார். அழகப்பன் தம் வீடு போனாலும் துணை நின்றார். இந்த மூவரும் இல்லையென்றால் சீகன்பால்கு என்ற பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம்.

நம் பிள்ளைகளும் இன்று கடல் கடந்து போய் வீடு தேடுகிறார்கள். அவர்களுக்கு யாராவது கதவு திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். நம் தெருவுக்கும் ஒருவன் புதிதாக வருவான். அவன் கேட்கும்போது நம் கதவும் திறக்க வேண்டாமா?