ஒரே சட்டத்தில் இரு கடிகாரங்கள்

ஒரே பெட்டியில் செருகிய பல மின்னணு அளவீட்டுக் கருவிகள் சேர்ந்தியங்க, அவற்றுக்குப் பொதுவான கடிகாரத் துடிப்பு வேண்டும். கடிகாரங்கள் தாமாகவே ஒத்திசைவதை 1665இல் கண்டவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் 1629இல் பிறந்த இவர், 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார். நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க அது உதவும் என நம்பினார்.

நோயுற்று அறையில் முடங்கியிருந்த நாளில், ஒரே சட்டத்தில் தொங்கிய இரு கடிகாரங்களின் ஊசல்கள் எதிரெதிராக, இம்மியும் பிசகாமல் ஆடின. கலைத்துவிட்டாலும் அரை மணி நேரத்தில் மீண்டும் சேர்ந்தன. முதலில் காற்றைச் சந்தேகித்தார்; சட்டத்தின் நுண்ணிய அசைவே காரணம் எனப் பிறகு தெரிந்தது. இதற்கே வசப்படும் ஊசல், அலைகடலில் என்னாகும்? லண்டன் ராயல் சொசைட்டியில் ஐயம் எழுந்தது.

ஹைகன்ஸ் ஓயவில்லை. 1686இல் அவருடைய கடிகாரங்கள் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறின. 1695இல் அவர் மறைந்தபோதும் கடல் வசப்படவில்லை.