பாலை பூத்ததைக் கண்டவர்

எங்கள் நாட்டில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் இல்லை. மழை உண்டு, வெயில் உண்டு, சித்திரை நெருங்கும்போது முள்முருக்கு சிவப்பாகப் பூக்கும், அவ்வளவுதான். தமிழ்ப் பாடத்தில் ஐந்திணை படித்தபோது இளவேனிலும் பாலைக்கே உரிய பொழுது என்று அறிந்து வியந்தேன். வெயிலும் வறட்சியுமான நிலத்துக்கு எதற்காகப் பூக்காலத்தைக் கொடுத்தார்கள் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் கெர்ட்ரூட் பெல் என்ற ஆங்கிலப் பெண்மணியின் வாழ்க்கையை வாசிக்க நேர்ந்தது. பாலைவனம் பூக்கும் என்பதை அவருடைய பயணங்களிலிருந்தே தெரிந்துகொண்டேன். இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1868ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் திகதி இங்கிலாந்தின் வடக்கே டர்ஹம் மாவட்டத்தில் அவர் பிறந்தார். பாட்டனார் பெரிய இரும்புத் தொழிலதிபர். மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை ஹியூ பெல்தான் அவருக்கு எல்லாமாக இருந்தார். கடலோர ஊரான ரெட்காரில் பிள்ளைகளுக்கென்று தோட்டத்தில் சிறு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. எந்தப் பூ எப்போது மலர்ந்தது என்று அந்தச் சிறுமி தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அங்கே குளிர்காலத்தில் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும், மரங்கள் மொட்டையாக நிற்கும். மாதக்கணக்கில் அதைப் பார்த்த கண்களுக்கு மாசி மாதத்தில் மண்ணைத் துளைத்து வரும் ஒரு மஞ்சள் பூ எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! ஆண்டு முழுதும் செவ்வரத்தை பூக்கும் முற்றத்தில் வளர்ந்த எனக்கு அது இலேசில் விளங்கவில்லை.

1888இல் ஒக்ஸ்போர்ட்டில் நவீன வரலாற்றில் முதல் வகுப்புச் சித்தி பெற்றார். ஆனால் அக்காலத்தில் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது! 1892இல் உறவினரோடு தங்குவதற்காகத் தெஹ்ரான் சென்றார். அங்கே ஓர் இளைஞரை மணக்க விரும்பினார். தந்தை சம்மதிக்கவில்லை. அவர் தந்தையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே அந்த இளைஞர் இறந்துபோனார். பாரசீகம் கற்று, ஹாஃபிஸின் கவிதைகளை மொழிபெயர்த்து 1897இல் நூலாக வெளியிட்டார். பிறகு அறபு படிப்பதற்காக ஜெரூசலம் சென்றார்.

1900ஆம் ஆண்டு மார்ச் மாதம். ஜெரூசலத்திலிருந்து குதிரையில் ஜோர்தான் பள்ளத்தாக்கில் இறங்கி, பெட்ராவை நோக்கிப் போனார். பாலைவனம் என்றால் வெறும் மணல் என்று எண்ணியவருக்கு முன்னால் ஊதா, வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று விரிப்பு விரித்தாற்போல் பூக்கள் கிடந்தன. வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் அதைப் பக்கம் பக்கமாக வர்ணித்தார். அந்நிலத்தில் மழை குளிர்காலத்தில் மட்டுமே பெய்யும். அதுவரை விதைகள் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். மழை பட்டதும் முளைத்து, சில கிழமைகளில் பூத்து, காய்த்து, விதையை உதிர்த்துவிட்டு வாடிவிடும். வைகாசியில் போனால் ஒன்றும் இராது. இந்த அவசரமான வசந்தத்தை நம்பித்தான் பதவிகள் தம் ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் இடம்பெயர்ந்து வாழ்ந்தார்கள். எங்கே மழை பெய்ததோ அங்கே புல், எங்கே புல்லோ அங்கே கூடாரம்.

இரண்டு பயணங்களுக்கு நடுவே ஊருக்கு வந்தால் ரௌண்டன் என்ற குடும்ப மாளிகையின் தோட்டமே அவருடைய வேலை. அங்கே கற்களை அடுக்கி, அவற்றிடையே செடிகளை நட்டு ஒரு பாறைத் தோட்டம் அமைத்தார். 1905இல் சிரியா வழியாகச் சென்ற பயணத்தைப் பற்றிய நூல் 1907இல் வந்து புகழ் தந்தது. 1909இல் ஈராக்கின் உகைதிர் கோட்டையை அளந்து வரைந்தார். இத்தனை துணிவுள்ள பெண், 1908இல் தன் நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்ற இயக்கத்தில் சேர்ந்து உழைத்தார் என்பதை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி எடுத்தேன்.

1913 டிசம்பரில் திமிஷ்கிலிருந்து ஒட்டகங்களோடு புறப்பட்டார். உதுமானிய அரசும் பிரித்தானிய அரசும் விரும்பாத பயணம் அது. பெப்ரவரியில் நுஃபூத் மணற்காட்டைக் கடந்தார். சிவந்த மணற்குன்றுகளுக்கிடையே தண்ணீர் இல்லை. ஆனால் மழைக்குப் பிறகு ஒட்டகங்கள் விரும்பி மேயும் செடிகள் அங்கே தழைக்கும். மேய்ச்சல் தேடும் பதவிக்கு அந்தப் பருவத்தில் அது செழித்த நிலம். அதைத் தாண்டி ஹாயில் நகரை அடைந்தார்.

ஹாயிலை ஆண்ட இப்னு ரஷீதுக்கு அப்போது பதினாறு வயதளவில்தான். அவர் ஊரில் இல்லை. கெர்ட்ரூடை ஊருக்கு வெளியே ஒரு மாளிகையில் தங்கவைத்து, புறப்பட விடாமல் தடுத்தார்கள். பதினொரு நாட்கள். இடையில் ஓரிரவு அரண்மனைப் பெண்களைக் காணக் கூட்டிச் சென்றார்கள். அங்கே அமீரின் தாய் மூதியைச் சந்தித்தார். அழகும் இளமையும் மாறாத பெண். அக்குடும்பத்து ஆண்கள் ஆட்சிக்காக ஒருவரையொருவர் கொன்றார்கள். கொன்றவனின் மனைவியாக, கொல்லப்பட்டவனின் விதவை போய்ச் சேர்ந்தாள். மூதியின் கதையும் அதுவே. எங்கள் மார்க்கம் விதவைக்கு அவளுடைய சம்மதமின்றித் திருமணம் இல்லை என்று வைத்திருக்கிறது. அந்த அரண்மனையில் யார் அவளைக் கேட்டார்கள்? பதினொரு நாள் கழித்து கெர்ட்ரூடுக்கு வாசல் திறந்தது. கையில் பணம் கொடுத்து, விரும்பிய இடத்துக்குப் போகச் சொன்னார்கள். மூதி அங்கேயே இருந்தாள். வாழ்க்கை வரலாறுகளில் அவளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைப்பதில்லை. நான் அதிக நேரம் நின்று வாசித்தது அந்தப் பகுதியைத்தான்.

அதன்பின் உலக யுத்தம். பாலைவனத்தின் கிணறுகளும் கோத்திரங்களும் தெரிந்தவர் என்பதால் பிரித்தானியப் படை அவரைப் பணிக்கு எடுத்தது. 1916இல் பஸ்றா, 1917இல் பக்தாத். 1920இல் ஈராக்கியர் அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்தபோது பிரித்தானியர் ஆயிரக்கணக்கானோரைக் கொன்று அடக்கினார்கள். அடுத்த ஆண்டு பைசலை அரசராக்கினார்கள். அதில் கெர்ட்ரூடின் கை பெரிது.

முன்னே சொல்லாமல் வைத்தது இதுதான். 1921 டிசம்பரில் ஒரு காலைப்பொழுது, பக்தாத் அலுவலகத்தில் இருந்து, ஈராக்கின் தென் பாலைவன எல்லையை அவர் வகுத்தார். அனஸா கோத்திரத் தலைவர் ஒருவரும் ஹாயிலைச் சேர்ந்த ஒருவரும் உதவினார்கள். எந்தக் கிணறு யாருக்கு, எந்த மேய்ச்சல் யாருக்கு என்று விசாரித்தே செய்தார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் மழை எல்லைக்கு எந்தப் பக்கம் பெய்யும் என்று யாரால் சொல்ல முடியும்? மறு ஆண்டு உகைர் என்ற இடத்தில் பேர்சி கொக்ஸ் என்ற அதிகாரி வரைபடத்தில் கோடு கிழித்தபோதே இந்தச் சிக்கல் எழுந்தது. இரு நாட்டுக் கோத்திரங்களும் மேய்க்கலாம் என்று நடுவே ஒரு நிலத்தை இருவருக்கும் பொதுவாக விடவேண்டி வந்தது. பூக்களைத் தொடர்ந்து குதிரையில் போனவருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் அந்தப் பணியைப் பெருமையாகவே செய்தார். அவர்மீது எனக்கு உள்ள வருத்தம் அதுதான்.

பக்தாதிலும் அவர் தோட்டம் போட்டார். இங்கிலாந்திலிருந்து விதைகளை வரவழைத்தார். அங்கே குளிர்காலம் முடியுமுன்பே பூக்கள் வந்துவிடும், ஜூனில் எல்லாம் கருகும். ஈராக்கின் தொல்பொருட்கள் நாட்டைவிட்டுப் போய்விடாமல் இருக்கச் சட்டம் வகுத்து, ஒரு நூதனசாலையையும் உருவாக்கினார். 1925இல் கடைசியாக ஊர் போய் வந்தார். குடும்பத்தின் செல்வம் அப்போது குறைந்துகொண்டிருந்தது. 1926இல் தம்பி ஒருவர் நோயில் இறந்தார், பெற்றோரும் ரௌண்டனைவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி காலை அவர் படுக்கையில் இறந்து கிடந்தார். அளவுக்கு மிஞ்சிய தூக்க மாத்திரையே காரணம். ஐம்பத்தெட்டு வயது நிறைய இரண்டு நாட்கள் இருந்தன. அன்றே பக்தாதில் ஆங்கிலேயரின் மையவாடியில் அடக்கம் செய்தார்கள். ரௌண்டன் மாளிகை பின்னாளில் இடிக்கப்பட்டது. நுஃபூதில் மழை பெய்த ஆண்டுகளில் இன்றும் செடிகள் முளைக்கின்றன.