பாடி ரெடி, இன்ஜின்தான் இல்லை: இந்தியாவுக்கு ஜெட் போர் விமானம் வடிவமைத்த கர்ட் டாங்க் யார்?

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தேரோட்டத்தை ஆடிப்பூரத்தன்று பார்த்தவர்களுக்கு இது தெரியும். தேர் எவ்வளவு உயரம், எத்தனை சிற்பம் என்பதெல்லாம் அப்புறம். வடம் பிடிக்க ஆள் பத்தலைன்னா அது நிலையை விட்டு நகராது.

போர் விமானமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ரஷ்யாவின் ஸ்டெல்த் விமானமான சுகோய்-57 முதன்முதலில் பறந்தது 2010 ஜனவரியில். விமானப்படைக்குப் போய்ச் சேர்ந்தது 2020 டிசம்பரில்தான். அதுவும் இந்த விமானத்துக்கென்றே திட்டமிட்ட புதிய இன்ஜின் இல்லாமல், இடைக்கால ஏற்பாடாக வேறொரு இன்ஜினுடன். இதே விமானத்தை அடிப்படையாக வைத்து ரஷ்யாவுடன் சேர்ந்து உருவாக்கும் திட்டத்தில் இருந்த இந்தியா, 2018-ல் விலகிக்கொண்டது. 2025 பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சிக்கு சுகோய்-57 வந்தபோது, வாங்கலாமா வேண்டாமா என்ற பேச்சு மறுபடியும் கிளம்பியது.

இன்ஜினுக்காகக் காத்திருப்பது இந்தியாவுக்குப் புதுசு இல்லை. சுமார் 60 வருஷத்துக்கு முன்னால் அதே பெங்களூருவில், ஒரு ஜெர்மன்காரர் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். அவர் பெயர் கர்ட் டாங்க்.

யார் இந்த கர்ட் டாங்க்?

1898 பிப்ரவரி 24-ல் பிராம்பெர்க் என்ற ஊரில் பிறந்தார். அன்று ஜெர்மனி, இன்று போலந்து. முதல் உலகப்போரில் சிப்பாய். போர் முடிந்ததும் பெர்லினில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் படித்தார். 1931-ல் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்த பிறகுதான் அவருடைய காலம் ஆரம்பித்தது.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. தான் வரைந்த விமானத்தைத் தானே ஓட்டிப் பார்ப்பார். டேபிளில் உட்கார்ந்து கோடு போடுவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் இல்லை. அவருடைய ஃபோக்கே-வுல்ஃப் 200 விமானம், 1938-ல் பெர்லினில் இருந்து நியூயார்க்குக்கு எங்கேயும் இறங்காமல் சுமார் 25 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் அவரை உலகம் ஞாபகம் வைத்திருப்பது ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்துக்காக. இதன் கதையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அப்போது ஜெர்மனியின் பேர்பெற்ற டைம்லர்-பென்ஸ் இன்ஜின்கள் போட்டி விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. டாங்க் வேறு வழியில் யோசித்து, பி.எம்.டபிள்யூ.வின் காற்றால் குளிரும் இன்ஜினை எடுத்துக்கொண்டார். 1939 ஜூன் 1-ல் முதல்முறை பறந்தபோது விமானம் நன்றாகவே போனது. பைலட்தான் உள்ளே வெந்துபோனார். இன்ஜின் அவ்வளவு சூடு.

டாங்க் அசரவில்லை. அதே நிறுவனத்தின் அடுத்த இன்ஜினை வாங்கி, அதற்கு ஏற்றபடி விமானத்தையே திருத்தினார். பிறகு 20,000-க்கும் மேல் தயாரானது. ஹிட்லரின் விமானப்படைக்காகப் பறந்து, நேச நாட்டு விமானிகளைத் திணறடித்த விமானம் இது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையில் மறைக்க முடியாத பக்கம் அது.

அர்ஜென்டினா வழியாக இந்தியா

போரில் தோற்ற ஜெர்மனியில் விமானம் கட்டத் தடை. டாங்க் தன் குழுவோடு அர்ஜென்டினா போனார். அங்கே அதிபர் பெரோன் ஆதரவில் புல்கி-2 என்ற ஜெட் போர் விமானத்தை உருவாக்கினார். இன்ஜின் மட்டும் பிரிட்டனுடையது. 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கேயும் கதவு மூடியது.

அந்த நேரத்தில், சொந்தமாக ஒரு சூப்பர்சோனிக் போர் விமானம் வேண்டும் என்று நேரு அரசு ஆள் தேடிக்கொண்டிருந்தது. 1956-ல் டாங்க் இந்தியா வந்தார், கூடவே ஜெர்மன் இன்ஜினீயர்களும். நம்மூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், தன் சுயசரிதையான அக்னிச் சிறகுகளில் இவர் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பெங்களூரு ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தில் அப்போது இருந்த நிலைமை வேறு. வி.எம்.காட்கே தலைமையில் ஹெச்.டி-2 என்ற பயிற்சி விமானத்தை உருவாக்கியிருந்தார்கள், அது பெரிய சாதனைதான். ஆனால் ஜெட் போர் விமானத்தில் அனுபவமுள்ளவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாதிரி விமானத்தை நிறுத்தி வைக்கப் போதுமான ஹேங்கர்கூட இல்லை.

டாங்க் குழு முதலில் செய்தது ஒரு மரவேலை! நிஜ அளவில் மரத்தாலேயே ஒரு கிளைடர் செய்து, டகோட்டா விமானத்தின் பின்னால் கயிறு கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட்டார்கள். 1959-ல் இப்படி எழுபது முறைக்கு மேல் பறக்கவிட்டு வடிவத்தைச் சோதித்தார்கள். 1961 ஜூனில் சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் நிஜ விமானத்தை மேலே ஏற்றினார். ஹெச்.எஃப்-24, பெயர் மாருத். இந்தியாவில் வடிவமைத்துப் பறந்த முதல் ஜெட் போர் விமானம்.

எங்கே தடுக்கியது?

ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தைக் கணக்கில் வைத்துத்தான் மாருத் திட்டமிடப்பட்டது. அதற்காக நம்பியிருந்தது, பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆஃப்டர்பர்னர் வைத்த ஆர்ஃபியஸ்-12 இன்ஜினை. வாலில் எரிபொருளைக் கூடுதலாக எரித்துத் தள்ளுவதுதான் ஆஃப்டர்பர்னர். ஒவ்வொன்றும் சுமார் 3,700 கிலோ உந்துவிசை தரும், அப்படி இரண்டு.

அந்த இன்ஜினுக்கு ஐரோப்பாவில் வேறு வாடிக்கையாளர் இல்லை என்றானதும், பிரிட்டன் ஆர்வத்தை இழந்தது. மிச்ச செலவை இந்தியா ஏற்றால் முடித்துத் தரலாம் என்ற வழி இருந்தது. டெல்லி அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. இந்த இடத்தில் மிச்சம் பிடித்த பணம்தான் பின்னால் ரொம்பக் காஸ்ட்லியாக முடிந்தது.

கையில் இருந்தது ஆர்ஃபியஸ்-703. ஆஃப்டர்பர்னர் கிடையாது, உந்துவிசை சுமார் 2,200 கிலோ. ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கணக்குப் போட்ட மோட்டார் வரலைன்னு சின்ன மோட்டாரை மாட்டினால் மெஷின் சுற்றும், ஆனால் சொன்ன வேகம் வராது. மாருத்துக்கும் அதே கதிதான். ஒலி வேகத்தைத் தொடுவதே பெரும்பாடு.

மாற்று தேடி அலைந்தார்கள். சோவியத் இன்ஜினைப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. எகிப்து உருவாக்கிய இ-300 இன்ஜினுக்காக ஒரு மாருத்தையே அங்கே அனுப்பிச் சோதித்தார்கள். 1969-ல் எகிப்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆர்ஃபியஸிலேயே ஆஃப்டர்பர்னர் பொருத்தும் முயற்சி பெங்களூருவில் நடந்தது. அந்த வகை மாதிரி விமானம் ஒன்று 1970 ஜனவரி 10-ல் விழுந்து நொறுங்கியதில், மாருத்தை முதலில் பறக்கவிட்ட அதே சுரஞ்சன் தாஸ் இறந்துபோனார்.

ஜெர்மனியில் ஒரு இன்ஜின் சரிவரவில்லை என்றால் டாங்க் அடுத்த இன்ஜினைக் கேட்டு வாங்க முடிந்தது. அதே மனிதருக்கு பெங்களூருவில் கேட்க இடமில்லை. இன்ஜின் செய்யும் தொழிற்சாலை அவருக்குப் பக்கத்தில் இல்லை, கடல் தாண்டி இருந்தது.

அவர் வரைந்த உடல் மோசம் என்று யாரும் சொல்லவில்லை. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் மாருத்துகள் தாழப் பறந்து தரை இலக்குகளைத் தாக்கின. எதிரி விமானத்திடம் ஒரு மாருத்தும் வீழவில்லை. தரையிலிருந்து சுட்டதில் ஒரு இன்ஜின் செத்தும், மற்றொன்றை வைத்துக்கொண்டே தளத்துக்குத் திரும்பிய மாருத்துகளும் உண்டு. மொத்தம் 147 தயாரானது. இன்ஜின் பிரச்னை தீராமலேயே 1990 வாக்கில் சேவையை விட்டுப் போனது.

பிறகு வந்த தேஜஸுக்காக உள்நாட்டிலேயே காவேரி இன்ஜின் திட்டம் 1989-ல் தொடங்கியது. 2008-ல் அது தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. கோவை சூலூரில் நிற்கும் தேஜஸ் விமானங்களுக்குள் இன்றும் ஓடுவது அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் இன்ஜின்தான்.

இதையெல்லாம் பார்க்க டாங்க் இல்லை. 1967-ல், மாருத் படைப்பிரிவில் சேர்ந்த அதே வருஷம், இந்தியாவை விட்டுக் கிளம்பினார். ஜெர்மனி திரும்பி ஆலோசகராக வேலை பார்த்தார். 1983 ஜூன் 5-ல் மியூனிக்கில் 85 வயதில் காலமானார். அந்த ஊருக்குப் பக்கத்தில் ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்தில் இன்று ஒரு மாருத் நிற்கிறது.