எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட்டும்

வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், சாலையின் எதிர்ப்புறம் இருப்பது சென்னை மருத்துவக் கல்லூரி. கர்ப்ப காலத்திலோ இரத்த சோகைக்கோ நீங்கள் ஃபோலிக் அமில மாத்திரை பெற்றிருப்பீர்கள். வீட்டில் ஒருவருக்கு முடக்குவாதத்திற்கென மெத்தோட்ரெக்சேட் தரப்பட்டிருக்கலாம். இவ்விரண்டின் வரலாற்றிலும் இடம்பெற்றவர் அக்கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அவர் 1895-ஆம் ஆண்டு பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று மூன்றாம் முறை தேறினார். மருத்துவம் பயின்றபோது கதராடை அணிந்தமை ஆங்கிலேயப் பேராசிரியருக்கு உகக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிட்டியது. ஸ்ப்ரூ என்னும் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தார். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச இயலாமல் உடல் தேயும் நோய் அது.

பின்னர் பாஸ்டன் சென்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். உயிர்வேதியியல் மாணவர் இன்றும் அம்முறையை இருவர் பெயராலும் அறிவர். 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்னும் பொருளைப் பிரித்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதனைக் கண்டறிந்தார். நீங்கள் உண்ணும் சோற்றின் ஆற்றலை உடல் நேரடியாகச் செலவிடுவதில்லை. முதலில் ஏ.டி.பி.யாக மாற்றி, அதனைக் கொண்டே தசையை இயக்குகிறது. இத்தகைய கண்டுபிடிப்புகளுக்குப் பின்னரும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி தரப்படவில்லை என்பது வருந்தத்தக்கது.

1940-இல் லெடர்லே மருந்து ஆய்வகத்தில் சேர்ந்தார். அவரது குழு 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கும் அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டி.இ.சி. மாத்திரையும் அக்குழுவின் ஆக்கமே.

புதிய உயிரணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலம் தேவை. புற்றணுக்களுக்கும் அது தேவை. எனவே, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களை அவரது குழு உருவாக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினை மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்தார். சிலருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தமை 1948 ஜூனில் வெளியாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், தமது 53-ஆம் வயதில், சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

பராமரிப்பாளர் கவனத்திற்கு: முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டுமே தரப்படும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. உட்கொள்ளும் கிழமையை அட்டையின் மேல் எழுதி வையுங்கள். ஃபோலிக் அமிலத்தை மருத்துவர் குறித்த வேறு நாளில் கொடுங்கள். கர்ப்பிணிகள் மெத்தோட்ரெக்சேட்டை உட்கொள்ளலாகாது. கருத்தரிக்க எண்ணுவோர் முன்னதாகவே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்தி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.