நடுக்கடல் பாறையில் விளக்கேற்றிய தாம்சன்

சிங்கப்பூரில் தாம்சன் சாலையைத் தெரியாதவர்கள் குறைவு. அப்பர் தாம்சன் சாலை இருக்கிறது. தாம்சன் - ஈஸ்ட் கோஸ்ட் ரயில் பாதையும் வந்துவிட்டது. ஆனால், அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பது பலருக்குத் தெரியாது.

அவர் ஜான் டர்ன்புல் தாம்சன். நடுக்கடலில் ஒரு சிறு பாறையின் மேல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டியவர். சிங்கப்பூர் பராமரித்து வரும் கலங்கரை விளக்கங்களில் மிகப் பழையது அதுதான். அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது அவருக்கு வயது 28.

தோட்டங்களை அளக்க வந்தவர்

தாம்சன் 1821 ஆகஸ்டு 10-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்து மாவட்டத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். படிப்பை முடித்து 1838-இல் பினாங்குக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

பினாங்கில் பிரவுன் குடும்பத்தாரின் தோட்டங்களை அளப்பதுதான் அவருடைய முதல் வேலை. அங்கேயே மலாய் மொழியையும் பழகினார். 1841-இல் சிங்கப்பூரின் அரசாங்க நில அளவையாளராக நியமிக்கப்பட்டார். பிறகு சாலைகளும் பொதுப்பணிகளும் அவர் பொறுப்பில் வந்தன. டான் டோக் செங் மருத்துவமனையின் முதல் கட்டடமும், இன்றும் நிற்கும் டல்ஹவுசி நினைவுத்தூணும் அவர் வடிவமைத்தவை.

கப்பல்களை உடைத்த வெள்ளைப் பாறை

தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் வாயிலில் இருக்கிறது பெட்ரா பிராங்கா. போர்த்துகீசிய மொழியில் வெள்ளைப் பாறை என்று பொருள். மலாய்க்காரர்கள் சொல்லும் பத்து பூத்தே என்பதற்கும் அதே பொருள்தான். கடற்பறவைகளின் எச்சம் படிந்து வெளுத்துக் கிடந்ததால் வந்த பெயர் அது.

சீனாவுக்குப் போய் வரும் கப்பல்கள் அதைக் கடந்தாக வேண்டும். இருட்டிலும் மழையிலும் பாறை தெரியாது. 1824 முதல் 1851 வரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைந்தது 16 பெரிய கப்பல்கள் உடைந்தன.

ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1836-இல் காலமானார். இளமையில், தவறான வரைபடத்தால் கப்பல் மோதி உடைந்து உயிர் பிழைத்தவர் அவர். அதன் பிறகு கிழக்குக் கடல்களுக்கான சரியான வழிகாட்டி நூலைத் தொகுப்பதே அவருடைய வாழ்நாள் பணியானது. அவர் நினைவாக ஒரு விளக்கு வேண்டும் என்று சீனாவின் கான்டன் நகர வணிகர்கள் பணம் திரட்டினர். ஜொகூர் சுல்தானும் தெமெங்கோங்கும் 1844-இல் விளக்கு அமைவதை வரவேற்றுக் கடிதம் எழுதினர். மீதிப் பணத்திற்குக் கிழக்கிந்தியக் கம்பெனி பொறுப்பேற்றது.

அலையைச் சோதித்துப் பார்த்தார்

கலங்கரை விளக்கம் கட்டிய அனுபவம் தாம்சனுக்குக் கிடையாது. அதனால் முதலில் சோதித்துப் பார்த்தார். 1847-இல் பாறையின் மேல் செங்கல் தூண்களை எழுப்பினார். ஒரு பருவமழைக் காலம் முடிந்து போய்ப் பார்த்தபோது பல தூண்களை அலை அடித்துச் சென்றிருந்தது. இங்கே கருங்கல்தான் தாங்கும் என்று முடிவு செய்தார்.

1850 மே 24-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. புலாவ் ஊபின் தீவில் சீனக் கல்தச்சர்கள் கருங்கல்லை வெட்டிச் செதுக்கினர். அந்தக் கனத்த கற்களைப் படகில் ஏற்றி, அலை மோதும் பாறையில் இறக்க வேண்டியிருந்தது. வேலையாட்களில் சீனர்களும் மலாய்க்காரர்களும் இருந்தனர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகளும் இருந்தனர். கடற்கொள்ளையர் பயம் இருந்ததால் பீரங்கிப் படகுகள் காவலுக்கு நின்றன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டுக் கரை திரும்ப வேண்டும்.

இப்படி இரண்டு பருவங்கள் பாடுபட்டு வேலை முடிந்தது. 1851 அக்டோபர் 15-ஆம் தேதி விளக்கு எரியத் தொடங்கியது.

உடல்நலம் கெட்டது

அந்த வேலை தாம்சனின் உடல்நலத்தைக் குலைத்தது. 1853-இல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டார். உடல் தேறிய பிறகு 1856-இல் நியூசிலாந்துக்குச் சென்றார். ஒட்டாகோ வட்டாரத்தின் மலைகளையும் சமவெளிகளையும் குதிரையிலும் நடந்தும் அளந்தார். அந்நாட்டின் முதல் தலைமை நில அளவையாளர் என்ற பதவியும் 1876-இல் அவரைத் தேடி வந்தது. 1884 அக்டோபர் 16-ஆம் தேதி இன்வர்கார்கில் நகரில் காலமானார்.

மலாயாவை அவர் மறக்கவில்லை. இங்கே தாம் கண்ட வாழ்க்கையை நூலாக எழுதினார். அன்றைய சிங்கப்பூரை அவர் தீட்டிய ஓவியங்கள் இன்று வரலாற்றுச் சான்றுகள்.

அவருக்கு மலாய் கற்பித்தவர்களில் ஒருவர் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அப்துல்லாவின் முன்னோர் ஏமன் நாட்டிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணமுடித்தவர். அப்துல்லாவும் தமிழ் படித்தவர். நவீன மலாய் இலக்கியத்தின் முன்னோடியாகப் போற்றப்படும் அவருடைய தன்வரலாற்றின் பகுதிகளை, ஆசிரியர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின், 1874-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார் தாம்சன்.

நீதிமன்றம் வரை போன எழுத்து

தாம்சன் எதையும் எழுதி வைப்பவர். கலங்கரை விளக்கம் கட்டிய கதையை 1852-இல் விரிவான அறிக்கையாக வெளியிட்டார். பெட்ரா பிராங்கா யாருக்குச் சொந்தம் என்ற மலேசியா - சிங்கப்பூர் வழக்கு அனைத்துலக நீதிமன்றத்திற்குப் போனபோது அந்த எழுத்தும் ஆராயப்பட்டது. 2008 மே 23-ஆம் தேதி வந்த தீர்ப்பில் பெட்ரா பிராங்கா சிங்கப்பூருக்கும் அருகிலுள்ள நடுப்பாறைகள் மலேசியாவுக்கும் கிடைத்தன.

விளக்குக்கு ஹார்ஸ்பர்க் பெயர். சாலைக்குத் தாம்சன் பெயர். கல் வெட்டிய சீனருக்கும், படகு செலுத்திய மலாய்க்காரருக்கும், ஊரை விட்டு விலங்கோடு வந்த நம் கைதிகளுக்கும் அங்கே பெயர்ப்பலகை இல்லை. அவர்கள் அடுக்கிய கல்லின் மேல்தான் 170 ஆண்டுகளைக் கடந்தும் அந்த விளக்கு எரிகிறது. தாம்சனின் பெயரைச் சொல்லும்போது அவர்களையும் சேர்த்து நினைப்பதே நியாயம்.