சராசரியை மட்டும் நம்பலாமா? கார்ல் பியர்சன் தந்த 4 அளவுகள்

‘இந்த வேலைக்கு சராசரி சம்பளம் ரூ.50 ஆயிரம்’னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க. 10 பேரில் 9 பேர் ரூ.30 ஆயிரமும், ஒருவர் மட்டும் ரூ.2.3 லட்சமும் வாங்கினாலும் சராசரி ரூ.50 ஆயிரம்தான். இப்படி சராசரி மறைப்பதை வெளியே காட்டும் அளவுகளுக்கு ‘மொமென்ட்’ என்று பெயர். அவற்றைப் புள்ளியியலின் அன்றாடக் கருவியாக்கியவர் கார்ல் பியர்சன்.

யார் இவர்?

1857-ல் லண்டனில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு, 1884-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரானார். அங்கே அவருடைய நண்பர் விலங்கியலாளர் வெல்டன். இத்தாலியின் நேப்பிள்ஸ் கடற்கரை நண்டுகள் 1,000-ஐ வெல்டன் அளந்து பார்த்தார். மற்ற அளவுகள் எல்லாம் மணி வடிவ வளைவில் வர, நெற்றி அகலம் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஏன்?

இரண்டு வகை நண்டுகள் கலந்திருந்தால் இந்தச் சாய்வு வரலாம் என்று 1894-ல் மொமென்ட் கணக்கு மூலம் காட்டினார் பியர்சன்.

மொமென்ட்னா என்ன?

இயற்பியலில் இருந்து வந்த சொல். சீ-சாவில் நடுவிலிருந்து தள்ளி உட்கார்ந்தால் எடை அதிகமாகத் தெரியும் இல்லையா? அதே கணக்குதான்.

முதல் மொமென்ட்: சராசரி.

இரண்டாவது: சராசரியிலிருந்து ஒவ்வொருவரும் எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்பதன் வர்க்கங்களின் சராசரி. இதன் வர்க்கமூலம்தான் திட்டவிலக்கம். அதற்கு இப்போதுள்ள ஆங்கிலப் பெயரை வைத்தவர் பியர்சன்தான்.

மூன்றாவது: வளைவு எந்தப் பக்கம் சாய்கிறது? நம்ம சம்பளக் கதையில் வலது பக்கம்.

நான்காவது: சராசரியை விட்டு ரொம்பத் தள்ளி நிற்கும் மதிப்புகள் எவ்வளவு பங்கு வகிக்கின்றன?

இருண்ட பக்கம்

1911-ல் புள்ளியியலுக்கென்றே பல்கலைக்கழகத் துறையை உருவாக்கிய அவர், அதே ஆண்டு இனமேம்பாட்டியல் பேராசிரியராகவும் ஆனார். மனிதர்களை உயர்ந்தவர், தாழ்ந்தவர் எனப் பிரிக்க எண்களைப் பயன்படுத்தினார். யூதக் குடியேறிகளுக்கு எதிராக 1925-ல் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். ஒரு கூட்டத்தின் பரவலை மொமென்ட் சொல்லும்; அதில் யார் மேல், யார் கீழ் என்று சொல்லாது. இந்த எல்லையைத்தான் அவர் மீறினார்.

1936-ல் இறந்தார். 2020-ல் அவர் பெயரைத் தன் கட்டடத்திலிருந்து அதே கல்லூரி நீக்கியது. திட்டவிலக்கம் மட்டும் இன்றும் எல்லா எக்செல் ஷீட்டிலும் இருக்கிறது.