பள்ளிக்காக வெளிநடந்த மாணவி பார்பரா ஜான்ஸ்

அமெரிக்க நாட்டின் வர்ஜீனியா மாநிலத்திலே பிரின்ஸ் எட்வர்ட் என்னும் மாவட்டம் உண்டு. அதன் தலைநகர் ஃபார்ம்வில் என்ற சிறுநகரம். வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கருப்பினப் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளி என்பதே அந்நாளில் அம்மாநிலச் சட்டம். அச்சட்டத்தை எதிர்த்து எழுந்தவர் பதினாறு வயது மாணவி ஒருவர்.

பார்பரா ரோஸ் ஜான்ஸ் 1935 மார்ச் 6-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்து, பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்தில் வளர்ந்தார். அஞ்சா நெஞ்சினரான சமய போதகர் வெர்னான் ஜான்ஸ் இவருடைய பெரியப்பா ஆவார்.

பார்பரா பயின்ற மோட்டன் உயர்நிலைப்பள்ளி, 1939-இல் 180 மாணவர்களுக்கெனக் கட்டப்பெற்றது. 1950 அளவில் 450-க்கு மேற்பட்டோர் அங்குப் பயின்றனர். இடநெருக்கடிக்கு மாற்றாகத் தார்க்காகிதம் போர்த்திய கொட்டகைகள் போடப்பட்டன. மழையில் அவை ஒழுகின. குளிரில் மாணவர் நடுங்கினர். உணவுக்கூடமோ, ஆய்வுக்கூடமோ இல்லை. பெற்றோர் முறையிட்டும் கல்விக்குழு காலங்கடத்தியது.

1951 ஏப்ரல் 23-ஆம் நாள், தலைமையாசிரியரைப் பொய்யான தொலைபேசிச் செய்தியால் வெளியே அனுப்பிவிட்டு, மாணவரனைவரையும் கூட்டிப் பேசினார் பார்பரா. அனைவரும் பள்ளியைவிட்டு வெளிநடந்தனர். ஒரு தலைமையாசிரியன் இதனைப் பாராட்டலாமா என வினவுவீர்கள். ஒழுகும் கொட்டகையில் பிள்ளைகளை அமர்த்திவிட்டு ஒழுங்கு பேசுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஏறத்தாழ இரு வாரம் வேலைநிறுத்தம் நீடித்தது. மாணவர் கேட்டது புதிய கட்டடமே. உதவ வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும், பிரித்து வைக்கும் முறையையே எதிர்ப்பதாயின் வழக்காடுவோம் என்றனர். மாணவரும் பெற்றோரும் இசைந்தனர். மே 23-இல் 117 மாணவர் பெயரால் வழக்குத் தொடரப்பட்டது. பார்பராவின் உயிருக்கு ஊறு நேருமென அஞ்சிய பெற்றோர், அவரை மான்ட்கோமரியிலிருந்த பெரியப்பாவிடம் அனுப்பினர். 1954 மே 17-இல், இவ்வழக்கு உட்பட ஐந்து வழக்குகளை ஒருசேர ஆராய்ந்த உச்சநீதிமன்றம், பள்ளிகளில் இனம் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரண் எனத் தீர்ப்பளித்தது.

இதனிடையே 1953-இல் மோட்டன் பள்ளிக்குப் புதிய கட்டடம் கிடைத்திருந்தது. எனினும் நடந்ததென்ன? ஒன்றாக அமர்வதைக் காட்டிலும் பள்ளியே இல்லாதிருத்தல் மேலெனக் கருதிய மாவட்ட ஆட்சியினர், 1959-இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடினர். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தோன்றியது. கருப்பினப் பிள்ளைகளுள் சிலர் அயலூர்களில் உறவினர் வீடுகளுக்குச் சென்று பயின்றனர். பலர் கல்வியையே இழந்தனர். 1964-இல் உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட்ட பின்னரே அரசுப் பள்ளிகள் திறந்தன. ஐந்தாண்டுகள் கழிந்துவிட்டன! ஏழு வயதில் பள்ளியிழந்த குழந்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது.

பார்பரா பின்னாளில் ஃபிலடெல்ஃபியா பள்ளிகளில் நூலகராகப் பணிபுரிந்து, ஐந்து மக்களை வளர்த்து, ஆரவாரமின்றி வாழ்ந்து 1991-இல் மறைந்தார். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற தளபதி ராபர்ட் லீயின் சிலை 2020-இல் அகற்றப்பட்டது. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையை நடத்தியவர் அவர். அவருக்கு மாற்றாக அம்மாநிலம் தேர்ந்தெடுத்தது பார்பராவின் உருவையே.

இளைஞர்களே! கட்டடம் வேறு, உரிமை வேறு. பிறர் தந்த கட்டடத்தைப் பிறரே பூட்டவும் கூடும். கல்வி நமது உரிமை என்னும் உணர்வும், அதனைக் காக்கும் ஒற்றுமையும் இருந்தால், பூட்டிய கதவும் ஒருநாள் திறக்கும். ஆனால் இழந்த ஆண்டுகள் திரும்பா. ஆகவே, நம் தெருவில் ஒரு குழந்தையும் ஒரு நாளும் பள்ளியை இழக்க விடாதீர்கள்.